ஐந்து வண்டிக்கு ஒரு மூடி

ரோட்டர்டாமில் எங்கள் தெருவோரம்
ஒரு கார் நின்ற இடத்தை மாநகராட்சி பிடுங்கி
பச்சை இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்தது.
ஐந்து சைக்கிள், ஐந்து சாவி, ஒரே மூடி.
கார்க்காரர் டெர்ப்ஸ்ட்ரா ஏழு புகார் எழுதினார்.
நான் மூன்று வருடம் வரிசையில் கிடந்தேன்.

அதுவரை தோளில் தூக்கித்தான் மாடியேறினேன்.
இந்த ஊரில் மாடிப்படி என்பது
ஏணிக்கு வைத்த மரியாதைப் பெயர்.
இரவுதோறும் பெடல் சுவரில் ஒரு கோடு கிழிக்கும்.
கோடுகளை எண்ணி
முன்பணத்தில் கழித்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

பிறகு கப்பியும் கயிறும் வாங்கி
கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டேன்.
சங்கிலி எண்ணெய் தலையணையில் சொட்டியது.
"நம் நடுவே இன்னொருத்தி இருக்கிறாள்" என்றான் ரெய்ண்டர்,
கூரையைப் பார்த்துக்கொண்டே.
அவன் போனதற்கு
அது மட்டும் காரணமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் சாவி வந்தது.
எண் நான்கு.

உள்ளே ஒண்டுக் குடித்தனம்.
ஒற்றைப்படைக்கு மேல் தண்டவாளம்,
இரட்டைப்படைக்குக் கீழ்.
ஒன்று நிமிர்ந்தால் பக்கத்தது குனியவேண்டும்;
இல்லையென்றால் கைப்பிடியும் கைப்பிடியும்
கொம்பு பின்னிக்கொள்ளும்.
இத்தனை கணக்குப் போட்டும்
மூன்றின் மணி என் பிரேக் கம்பியைத் தினமும் கவ்வும்.

யாரையும் பார்த்ததில்லை.
ஐந்து அசைவதே இல்லை,
இருக்கைக்குப் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறது.
இரண்டு மட்டும் விடியுமுன் போய்விடும்;
திரும்பும்போது அதன் பெடலில்
மாவு.

நவம்பரில் மூன்று, குழந்தை இருக்கை மாட்டிக்கொண்டு வந்தது.
மூடி சாத்தவில்லை.
நான்கு விரல் இடைவெளி,
இரவெல்லாம் அதன் வழியே மழை.
காலையில் ஐந்து இருக்கையிலும் ஈரம்,
மூடியில் ஒரு சீட்டு:
"விதி ஆறு. கூடுதல் இணைப்புகள் கூடாது."
அதன் கீழே வேறு பேனா:
"குழந்தை இணைப்பு அல்ல."
அதற்கும் கீழே, பென்சிலில், மிகச் சிறிதாக:
"கீழ்த் தட்டு இருந்தால் மூடும். யாராவது மாற்றிக்கொள்வீர்களா?"

கீழ்த் தட்டு இரண்டே பேரிடம்.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
இது வளைகூட இல்லை,
வளையில் ஐந்தில் ஒரு பங்கு,
கீழ்வரிசை.
மூன்று வருடம்.
சீட்டைப் படிக்காதவள்போல்
வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மாலையில் மூடி மூடியிருந்தது.
மூன்று கீழே. இரண்டு மேலே.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த நேரம் தெரிய வந்தது:
மூன்றரை மணி.
மூடி திறக்கும் கிறீச்.
ஒரு முனகல். இரும்பு இறங்கும் சத்தம்.
போர்வைக்குள் கிடந்து
பருமனான ஆள், தூக்கிவிடுவான் என்று
சொல்லிக்கொண்டேன்.
ஒன்பது இரவு சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் இரவு
கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
ஆள் பருமனில்லை.
என் தோளுயரம்கூட இல்லை.
ஐம்பது வயதிருக்கும் பெண்,
முக்காட்டின் மேல் ஹெல்மெட்,
தலையால் மூடியை முட்டுக்கொடுத்துக்கொண்டு
இரு கையாலும் வண்டியை இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள்.
"நாலா?" என்றாள்.
தலையாட்டினேன்.
சொல்ல ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன்,
மன்னிப்பு என்ற சொல் அதில் இரண்டு முறை வரும்.
"மூடியைப் பிடி" என்றாள்,
"ஸ்பிரிங் போய்விட்டது. மாநகராட்சிக்கு யாரும் எழுதவில்லை."

பிடித்தேன்.
சக்கரம் தரையைத் தொட்டது.
பேக்கரி எங்கே என்று கேட்டேன்.
கையை எங்கோ காட்டினாள்,
பெயர் நுர்ஹயாத் என்றாள்,
பின்விளக்கு எரியாமலே திருப்பத்தில் மறைந்தாள்.

தெரு தூங்கிக்கொண்டிருந்தது.
மூடியின் கனத்தை
மெல்ல மெல்லக் கீழிறக்கினேன்,
மேல்மாடியில் டெர்ப்ஸ்ட்ரா
எட்டாவது புகாருக்கு எழுந்துவிடாதபடி.